ராஜீவ் காந்தி கொலை வழக்கு: 26 பேருக்கு விதித்த தூக்கு ஒருவருக்கும் நிறைவேறாமல் போனது எப்படி?

கேள்வி
எழுதியவர்: இறுதியாண்டு சட்ட மாணவி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வகுப்பில் அடுத்த வாரம் மரண தண்டனை வழக்குகளின் மேல்முறையீட்டு வரலாறு பற்றி நான் கட்டுரை வாசிக்க வேண்டியிருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கை எடுத்துக்கொண்டேன். எடுத்த பிறகுதான் எனக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பது புரிந்தது.

1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தடா நீதிமன்றம் (தடா என்பது அன்றைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்), விசாரணையை எதிர்கொண்ட 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 2022 நவம்பர் 11 அன்று அவர்களில் கடைசி ஆறு பேரும் விடுதலையானார்கள். இடையில் ஒருவர்கூடத் தூக்கிலிடப்படவில்லை. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே நடந்ததை எங்கள் வீட்டிலேயே ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். குற்றமற்றவர்கள் என்று நீதிமன்றமே கண்டுகொண்டதால்தான் விட்டார்கள் என்பது தாத்தாவின் உறுதியான நம்பிக்கை. அரசியல் அழுத்தத்தால் விட்டார்கள், சட்டத்துக்கு அதில் வேலையே இல்லை என்பது மாமாவின் கட்சி. தீர்ப்புகளைப் படிக்கப் படிக்க இருவருமே தவறு என்று தோன்றுகிறது; ஆனால் எது சரி என்று என்னால் கோவையாகச் சொல்ல முடியவில்லை.

எனக்குக் குறிப்பாகப் பிடிபடாதது ஒன்று உண்டு. இந்த வழக்கில் தடாச் சட்டத்தின் கீழான பயங்கரவாதக் குற்றம் நிரூபணமாகவில்லை என்று உச்ச நீதிமன்றமே 1999இல் சொல்லிவிட்டது. அப்படியிருக்க, தடாச் சட்டம் இருந்ததால் மட்டுமே சாட்சியமாக ஏற்கத்தக்கதான போலீஸ் வாக்குமூலத்தை வைத்து நால்வரின் தூக்கை அதே தீர்ப்பு எப்படி உறுதி செய்தது? சட்டம் பொருந்தாது, அந்தச் சட்டத்தின் வழியே வந்த வாக்குமூலம் மட்டும் பொருந்தும் என்பதை எப்படிப் புரிந்துகொள்வது? தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற குற்றவியல் வழக்கறிஞர், சென்னை

அம்மா, நீங்கள் கை வைத்திருக்கும் இடம்தான் இந்த வழக்கின் நடு நரம்பு. 1999ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நகல் ஒன்றை நான் நூலாகக் கட்டி வைத்திருக்கிறேன். தடாச் சட்டத்தின் 15ஆவது பிரிவு பற்றிய பக்கங்கள் மட்டும் விளிம்பு கறுத்துக் கிடக்கின்றன. உங்கள் கேள்விக்கு விடை சொல்வதற்கு முன், வழக்கு அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூர்த் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது. புகைப்படம் எடுக்க வந்த ஹரிபாபுவும் அங்கேயே இறந்துபோனார், ஆனால் அவருடைய கேமரா தப்பியது. குண்டைக் கட்டிக்கொண்டு மாலையோடு நிற்கும் தணுவையும், திட்டத்தை முன்னின்று நடத்தி, சற்றுத் தள்ளிக் குறிப்பேட்டோடு நிற்கும் சிவராசனையும் காட்டிக்கொடுத்தது அந்தப் படச்சுருள்தான். கார்த்திகேயன் தலைமையில் சி.பி.ஐ.யின் சிறப்புப் புலனாய்வுக் குழு 1992 மே மாதம் 41 பேர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அவர்களில் 12 பேர் அதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். விடுதலைப் புலிகள் இயக்கத்தின் பிரபாகரன், பொட்டு அம்மான், அகிலா ஆகிய மூவரும் தலைமறைவாக இருப்பதாக அறிவிக்கப்பட்டார்கள். மீதமிருந்தவர்கள்தான் நீங்கள் சொல்லும் 26 பேர். அதாவது, குண்டைக் கட்டிக்கொண்டவர், திட்டத்தை முன்னின்று நடத்தியவர், ஆணையிட்டதாகச் சொல்லப்பட்டவர் ஆகிய எவரும் பூந்தமல்லியில் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை. நின்றவர்கள் அனைவரும் ஏதோ ஒரு விதத்தில் உதவியவர்கள் என்பதே அரசுத் தரப்பின் வழக்கு. சதியின் எந்தக் கட்டத்தில், எவ்வளவு தெரிந்துகொண்டு உதவினார்கள் என்பதுதான் ஒவ்வொருவரின் உயிரையும் தீர்மானிக்கும் கேள்வியாக இருந்தது.

விசாரணை பொதுமக்களும் பத்திரிகையாளர்களும் நுழைய முடியாதபடி மூடிய நீதிமன்றத்தில் நடந்தது. 288 அரசுத் தரப்புச் சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள். முடிவில் நீதிபதி நவநீதம், ஒருவரையும் விலக்காமல் 26 பேருக்கும் தூக்கு விதித்தார். சதியில் நேரடியாகப் பங்கெடுத்ததாகக் கூறப்பட்டவருக்கும் தங்க இடம் கொடுத்ததாகக் கூறப்பட்டவருக்கும் ஒரே தண்டனை என்பதைக் கேட்டபோது, உயர் நீதிமன்ற வளாகத்தில் எங்களில் பலருக்குப் பேச்சே எழவில்லை.

வழக்கமான கொலை வழக்காக இருந்திருந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 366ஆவது பிரிவின்படி தூக்குத் தண்டனை உயர் நீதிமன்றத்தின் உறுதிக்குச் சென்றிருக்கும். இரண்டு நீதிபதிகள் சாட்சியம் முழுவதையும் புதிதாக எடைபோட்டிருப்பார்கள், அதற்குப் பிறகே வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியிருக்கும். தடாச் சட்டத்தின் 19ஆவது பிரிவு அந்த நடுப்படியை எடுத்துவிட்டது. விசாரணை நீதிமன்றத்துக்கு மேலே நேராக உச்ச நீதிமன்றம், அதுவும் முப்பது நாளுக்குள். உயிர்போகும் வழக்கில் மேல்முறையீட்டு வாய்ப்பு ஒன்றே ஒன்றாகச் சுருங்கிப்போனதை உங்கள் கட்டுரையில் விட்டுவிடாதீர்கள். அந்த ஒரு மேல்முறையீட்டுக்கே பழ. நெடுமாறன் முன்னின்று நிதி திரட்டி வழக்கறிஞர்களை அமர்த்த வேண்டியிருந்தது. மூத்த வழக்கறிஞர் நடராஜன் வாதாடினார்.

1999 மே 11 அன்று நீதிபதிகள் தாமஸ், வாத்வா, காத்ரி ஆகிய மூவரும் தனித்தனியே தீர்ப்பு எழுதினார்கள். 19 பேரின் கொலைச் சதிக் குற்றம் நிற்கவில்லை. அவர்களில் பலருக்கு எஞ்சியிருந்தவை சிறு குற்றங்களே. அவற்றுக்குரிய தண்டனையும் ஏற்கெனவே சிறையில் கழிந்துவிட்ட காலத்தோடு முடிந்தது. ராபர்ட் பயஸ், ஜெயக்குமார், ரவிச்சந்திரன் ஆகிய மூவருக்கும் ஆயுள். நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய நால்வருக்கும் தூக்கு உறுதியானது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பயங்கரவாதச் செயல் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அரசைப் பணியவைக்கும் நோக்கமோ மக்களிடையே பீதி பரப்பும் நோக்கமோ இருந்திருக்க வேண்டும் என்றது தடாவின் 3ஆவது பிரிவு. இங்கே சதிகாரர்களின் நோக்கம் ராஜீவ் காந்தி என்ற ஒரு மனிதரைக் கொல்வதுதான், அதற்கு மேல் வேறொரு நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி, தடாவின் கீழான தண்டனையை நீதிபதிகள் நீக்கிவிட்டார்கள். எஞ்சியது இந்திய தண்டனைச் சட்டத்தின் 302ஆவது பிரிவும் 120-பி பிரிவும், அதாவது கொலையும் கூட்டுச்சதியும் மட்டும்.

சாதாரணக் கொலை வழக்கில் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் அன்றைய சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவின்படி செல்லவே செல்லாது. இந்தத் தடையைத் தாண்டும் வழியைத் தடாவின் 15ஆவது பிரிவு கொடுத்தது: கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத போலீஸ் அதிகாரி பதிவு செய்த வாக்குமூலம் செல்லும். தடாக் குற்றம் விழுந்துவிட்டால் வாக்குமூலமும் அதோடு விழ வேண்டாமா என்பதே நீங்கள் கேட்பதும் அன்று வாதிடப்பட்டதும். விழும் என்ற பொருள்படும் கருத்தை 1997இல் பிலால் அகமது காலு வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருந்தது. 1999இல் மூவர் அமர்வு அந்தக் கருத்து சரியல்ல என்று ஒதுக்கியது. தடாவின் 12ஆவது பிரிவின்படி தடாக் குற்றத்தோடு பிற குற்றங்களையும் ஒரே விசாரணையில் சேர்த்து விசாரிக்க இடமிருந்தது. அப்படிச் சேர்த்து விசாரிக்கப்பட்ட வழக்கில் முறையாகப் பதிவான வாக்குமூலம், தடாக் குற்றம் நிரூபணமாகாமல் போனாலும் மற்றக் குற்றங்களுக்கும் சாட்சியமாகும் என்பது அவர்கள் கண்ட வழி. விசாரணை தொடங்கியபோது சட்டம் பொருந்தியதா என்பதைத்தான் பார்க்க வேண்டும், முடிவில் நிரூபணமானதா என்பதை அல்ல என்று இதைச் சுருக்கிப் புரிந்துகொள்ளலாம்.

சட்டத்தின் சொற்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த வாசிப்புக்கு இடமிருக்கிறது. ஆனால் நாற்பது ஆண்டுகள் குற்றவியல் நீதிமன்றங்களில் நின்றவன் என்ற முறையில், இதை என்னால் மனமொப்பி ஏற்க முடிந்ததில்லை. பயங்கரவாதத்தை ஒடுக்க அசாதாரணமான சட்டம் தேவை என்று சொல்லித்தான் 15ஆவது பிரிவு வந்தது. இங்கே பயங்கரவாதக் குற்றம் நிரூபணமாகவில்லை என்று நீதிமன்றமே முடிவு செய்துவிட்ட பிறகு, அந்த அசாதாரணமான கருவி மட்டும் தூக்குமேடை வரை கூட வந்தது.

மூவருக்கும் இடையே இருந்த இன்னொரு வேறுபாட்டையும் பாருங்கள். ஒருவர் கொடுத்த வாக்குமூலத்தை உடன் குற்றஞ்சாட்டப்பட்ட இன்னொருவருக்கு எதிராக எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம்? அதுவும் முதன்மைச் சாட்சியமே என்றார்கள் வாத்வாவும் காத்ரியும். வேறு சாட்சியத்துக்கு வலுச்சேர்க்க மட்டுமே அது பயன்படும் என்றார் தாமஸ். அதேபோல, நளினியின் தூக்கு ஒருமனதான முடிவு அல்ல. அவர் சிறையில் பெற்ற குழந்தையின் தந்தை முருகனுக்கும் தூக்கு உறுதியாகிவிட்ட நிலையில், தாயையும் தூக்கிலிட்டு அந்தக் குழந்தையை அநாதையாக்கக் கூடாது என்று தாமஸ் எழுதினார். மற்ற இருவரும் உடன்படவில்லை. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு பெண்ணுக்குத் தூக்கு உறுதியானது.


மறுமொழி 2
எழுதியவர்: காவலர் குடும்பத்தைச் சேர்ந்தவன்

மூத்தவர் எழுதியதை மதித்துப் படித்தேன். சட்ட விளக்கத்தில் மறுப்பு எதுவும் எனக்கு இல்லை. ஆனாலும் இந்த வழக்கைப் பற்றிப் பேசும்போதெல்லாம் விட்டுப்போகும் ஒரு பக்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் அப்பா அப்போது செங்கல்பட்டுப் பக்கத்தில் காவலராக இருந்தார். அன்றைய பந்தோபஸ்துப் பட்டியலில் அவர் பெயர் இல்லை, அவரோடு பயிற்சி பெற்ற நண்பர் ஒருவரின் பெயர் இருந்தது. மறுநாள் அப்பா வீடு திரும்பியபோது காக்கிச் சட்டையைக் கழற்றாமலேயே திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த மேடை அருகே காவல் கண்காணிப்பாளர் ஒருவர் உட்படக் காவல்துறையினர் பலர் இறந்தார்கள். கவிதை சொல்லத் தாயோடு வந்திருந்த ஒரு சிறுமியும் இறந்தாள். ராஜீவ் காந்தி கொலை வழக்கு என்ற பெயருக்குள் இவர்கள் அனைவரும் காணாமல் போய்விடுகிறார்கள்.

மாணவிக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். விடுதலையான எழுவரையும் குற்றமற்றவர்கள் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. 1999இல் உறுதியான குற்றத்தீர்ப்பு இன்றும் அப்படியேதான் நிற்கிறது. 2014இல் குறைக்கப்பட்டது தண்டனை. 2022இல் முடித்துவைக்கப்பட்டது சிறைவாசம். குற்றத்தீர்ப்பை யாரும் தொடவில்லை. உங்கள் தாத்தாவிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். குண்டுவெடிப்பில் இறந்தவர்களின் குடும்பத்தார் சிலர், விடுதலை கூடாது என்று உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார்கள். அவர்களின் மனு 2019இல் தள்ளுபடியானது. அந்தச் செய்தி எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

தூக்குத் தண்டனை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்பாவும் கேட்டதில்லை. தண்டனை குறைந்ததைக் கொண்டாடும் வேகத்தில், நடந்த கொலையே ஏதோ ஐயத்துக்குரியது என்பதுபோல எழுதிவிடாதீர்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.


கேட்டவரின் தொடர்ச்சி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா, 12ஆவது பிரிவு வழியாக நீங்கள் காட்டிய விளக்கத்தால் தீர்ப்பின் அந்தப் பகுதி இப்போது பிடிபடுகிறது. அண்ணா, நீங்கள் சொன்னதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். இறந்தவர்களைப் பற்றி என் வரைவில் ஒரு வரிகூட இருக்கவில்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன்.

இன்னும் ஒரு கேள்வி. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே, அதில் ஒரு பகுதியைத் தாம் எழுதாமல் விட்டுவிட்டதாகப் பிற்பாடு சொன்னார் என்று படித்தேன். அது உண்மையானால் குற்றத்தீர்ப்பையே அல்லவா மறுபடி பார்த்திருக்க வேண்டும்? ஏன் பார்க்கவில்லை?


மறுமொழி 3
எழுதியவர்: அரசமைப்புச் சட்டம் கற்பிப்பவர், மதுரை

நீங்கள் படித்தது உண்மைதான். சிவராசனுக்கு இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரிகள் வாங்கிக் கொடுத்தார் என்பது பேரறிவாளன்மீது இருந்த முதன்மையான குற்றச்சாட்டு. அந்த பேட்டரிகள் வெடிகுண்டில் பயன்பட்டன என்றது அரசுத் தரப்பு. கைதானபோது அவருக்கு வயது 19. வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. கண்காணிப்பாளர் தியாகராஜன், எதற்காக பேட்டரி வாங்கச் சொன்னார்கள் என்பது தமக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தாம் பதிவு செய்யாமல் விட்டதாக 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். 2017இல் உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமாகவே தாக்கல் செய்தார். கடையில் எவர் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய ஒரு பொருளை வாங்கியது கொலைச் சதி ஆவதும் ஆகாததும், வாங்கியவருக்கு நோக்கம் தெரியுமா தெரியாதா என்ற ஒன்றைப் பொறுத்தது. விட்டுப்போனது அந்த ஒரு வாக்கியம்.

அதை வைத்து 1999ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் திரும்பப் பெற வேண்டும் என்று பேரறிவாளன் போட்ட மனுவை 2018 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடம் இதுதான். நம் நாட்டில் உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதி செய்து, அந்தத் தீர்ப்பை மறுபடி பார்க்கக் கோரும் சீராய்வு மனுவும் தள்ளுபடியாகிவிட்டால் (இந்த வழக்கில் அது 1999 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது), பிறகு எழும் புதிய சாட்சியத்தை எடைபோடுவதற்கென்று தனியான வழி எதுவும் இல்லை. வழக்கறிஞர் ஐயா சொன்னதுபோல, உயர் நீதிமன்றம் என்ற படியும் இங்கே இல்லை. ஆகவே 1999க்குப் பிறகு இந்த வழக்கில் நடந்த எல்லாமே குற்றம் என்ற கேள்வியைத் தொடாமல் தாமதம் என்ற கேள்வியைச் சுற்றியே நடந்தன. என் கணிப்பில் இந்த வழக்கின் வரலாறு இரண்டு தாமதங்களின் வரலாறு: முதலாவது குடியரசுத் தலைவர் மாளிகையில் நேர்ந்தது, இரண்டாவது தமிழக ஆளுநர் மாளிகையில் நேர்ந்தது.

முதலில் கருணை மனு. 1999 அக்டோபரில் ஆளுநர் பாத்திமா பீவி நால்வரின் கருணை மனுக்களையும் நிராகரித்தார். அமைச்சரவையின் ஆலோசனையைக் கேட்காமல் ஆளுநர் தாமாக முடிவெடுக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் அந்த ஆணையை நீக்கியது. தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தைத் தரும் அரசமைப்பின் 161ஆவது பிரிவின் கீழ் ஆளுநர் அமைச்சரவையின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர் என்பது 1980இல் மாரு ராம் வழக்கிலேயே நிலைபெற்றுவிட்ட சட்டம். பாத்திமா பீவி உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக இருந்தவர் என்பதை நினைத்தால், இந்தத் தவறு எவருக்கும் நேரக்கூடியது என்பது விளங்கும். 2000 ஏப்ரலில் கருணாநிதி அமைச்சரவை, நளினியின் தண்டனையை மட்டும் ஆயுளாகக் குறைக்கப் பரிந்துரைத்தது, ஆளுநரும் ஏற்றார். மற்ற மூவரின் மனுக்களும் அந்த மாதமே குடியரசுத் தலைவருக்குச் சென்றன.

அதன்பின் பதினோரு ஆண்டுகள் பதிலே வரவில்லை. நாராயணன், அப்துல் கலாம், பிரதீபா பாட்டீல் என்று மூன்று குடியரசுத் தலைவர்களின் காலம் அந்தக் கோப்பின்மேல் கழிந்தது. 2011 ஆகஸ்டில் மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. செப்டம்பர் 9 அன்று வேலூர்ச் சிறையில் தூக்கு என்று நாளும் குறிக்கப்பட்டது. ஆகஸ்டு 30 அன்று, அதற்குப் பத்தே நாள் முன்பு, சென்னை உயர் நீதிமன்றம் எட்டு வாரத் தடை விதித்தது. அதே நாளில் தண்டனையைக் குறைக்கக் கோரிச் சட்டப்பேரவையும் தீர்மானம் நிறைவேற்றியது. நான் அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு வழக்குக்காகக் காத்திருந்தேன். தடைச் செய்தி கைப்பேசியில் வந்ததும், தாழ்வாரத்தில் நின்ற முன்பின் தெரியாத முதியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏனோ, இருவரும் ஒன்றும் பேசவில்லை.

தாமதம் என்பது தூக்கைக் குறைக்கும் காரணமாகுமா என்ற வழக்காடலுக்கும் தமிழ்நாட்டோடு நெருங்கிய உறவுண்டு. 1983இல் தமிழ்நாட்டைச் சேர்ந்த வைத்தீஸ்வரன் வழக்கில், தண்டனை விதித்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நிறைவேற்றாமல் இருந்தாலே குறைக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். அடுத்த சில வாரங்களிலேயே ஷேர் சிங் வழக்கில் வேறொரு அமர்வு அதை ஏற்க மறுத்தது. 1989இல் திரிவேணிபென் வழக்கில் ஐவர் அமர்வு, குறிப்பிட்ட ஆண்டுக்கணக்கு கிடையாது, ஆனால் இறுதித் தீர்ப்புக்குப் பிறகு கருணை மனுவில் நேரும் நியாயமற்ற தாமதத்தைக் கணக்கில் எடுக்கலாம் என்று முடித்துவைத்தது. அப்போது குற்றம் பற்றிய முடிவை மறுபடி கிளறக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. உங்கள் கேள்விக்கான விடையின் பாதி அந்த ஒரு வரியில் இருக்கிறது.

2013இல் புல்லர் வழக்கில், தடா போன்ற பயங்கரவாத வழக்குகளுக்குத் தாமதம் என்ற காரணம் பொருந்தாது என்று இருவர் அமர்வு ஒன்று சொன்னபோது, மூவரின் கழுத்திலும் கயிறு மறுபடி இறுகியதாகவே தோன்றியது. 2014 ஜனவரி 21 அன்று சத்ருகன் சவுகான் வழக்கில் தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையிலான மூவர் அமர்வு அதை மாற்றியது. குற்றத்தின் தன்மையைக் கொண்டு தாமதத்தை மன்னிக்க முடியாது என்று சொல்லி, ஒரே தீர்ப்பில் 15 பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. அந்தப் பதினைவரில் வீரப்பன் கூட்டாளிகள் என்று பாலாறு குண்டுவெடிப்பு வழக்கில் தண்டிக்கப்பட்ட நால்வரும் அடக்கம். அவர்களுக்கு விசாரணை நீதிமன்றம் விதித்தது ஆயுள் மட்டுமே. அதைத் தூக்காக உயர்த்தியது உச்ச நீதிமன்றம். மேல்முறையீடு என்பது எப்போதும் இறங்குபடி அல்ல என்பதற்கு அதைவிடக் கசப்பான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

நான்கு வாரம் கழித்து, பிப்ரவரி 18 அன்று, அதே அடிப்படையில் முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய மூவரின் தண்டனையும் ஆயுளானது. அவர்கள் சிறையில் துன்பப்பட்டதாகத் தெரியவில்லை என்று மத்திய அரசு வாதிட்டது. துன்பத்தைத் தனியே நிரூபிக்க வேண்டியதில்லை, காரணமற்ற நீண்ட தாமதமே போதும் என்றார்கள் நீதிபதிகள்.

இரண்டாவது தாமதம் இதற்குப் பின் தொடங்குகிறது. மறுநாளே ஜெயலலிதா அரசு எழுவரையும் விடுவிக்க முடிவெடுத்தது. அதற்கு அடுத்த நாள் உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2015 டிசம்பர் 2 அன்று ஐவர் அமர்வு, சி.பி.ஐ. விசாரித்த வழக்கில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 435ஆவது பிரிவின்படி மத்திய அரசைக் கலந்தாலோசிப்பது என்றால் அதன் இசைவைப் பெறுவது என்றே பொருள் என்றது. மத்திய அரசு 2018இல் இசைவு மறுத்தது. பிறகு மாநில அரசு வேறு கதவைத் தட்டியது. 2018 செப்டம்பர் 9 அன்று, நடைமுறைச் சட்டத்தை விட்டுவிட்டு, அரசமைப்பின் 161ஆவது பிரிவின் கீழ் விடுவிக்குமாறு அமைச்சரவை ஆளுநருக்குப் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையும் கோப்பாகிக் கிடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து 2021 ஜனவரியில், இதைக் குடியரசுத் தலைவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்று ஆளுநர் அதை அங்கே அனுப்பினார்.

2022 மே 18 அன்று நீதிபதிகள் நாகேஸ்வர ராவ், கவாய், போபண்ணா அமர்வு, அப்படி அனுப்பியதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றது. 302ஆவது பிரிவின் கீழான தண்டனையில் முடிவெடுக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு, அமைச்சரவையின் பரிந்துரை ஆளுநரைக் கட்டுப்படுத்தும், காரணமற்ற தாமதத்தை நீதிமன்றம் கேள்வி கேட்கலாம் என்று வரிசையாகச் சொல்லி, மறுபடி ஆளுநருக்கே அனுப்பாமல், முழு நீதி வழங்க வேண்டிய ஆணையைத் தானே இடுவதற்கு அரசமைப்பின் 142ஆவது பிரிவின் கீழ்த் தனக்குள்ள அதிகாரத்தால் பேரறிவாளனை விடுவித்தது. இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது: தடாக் குற்றம் நிற்காமல் கொலையும் கூட்டுச்சதியும் மட்டுமே எஞ்சின என்ற 1999ஆம் ஆண்டு முடிவுதான், மாநிலத்தின் அதிகாரத்துக்கு இங்கே கைகொடுத்தது. அன்று வாக்குமூலத்தை விழவிடாமல் பிடித்துக்கொண்ட அதே தீர்ப்பு, இருபத்து மூன்று ஆண்டு கழித்து வேறொரு பக்கத்திலிருந்து அவர்களுக்கு உதவியது.

அரசியல் இதில் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். பேரவைத் தீர்மானமும் அமைச்சரவைப் பரிந்துரைகளும் அரசியலால் வந்தவைதான். ஆனால் மாமாவிடம் சொல்லுங்கள்: அரசியல் கேட்டதைச் சட்டம் ஒவ்வொரு முறையும் உடனே கொடுத்துவிடவில்லை, 2014 பிப்ரவரியில் மறுத்தது, 2015இல் மறுத்தது.


மறுமொழி 4
எழுதியவர்: ஓய்வுபெற்ற குற்றவியல் வழக்கறிஞர், சென்னை

பேராசிரியர் எழுதியதோடு ஒரு சிறு சேர்க்கை. பேரறிவாளனுக்குக் கிடைத்ததைக் காட்டி நளினியும் ரவிச்சந்திரனும் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியபோது, 2022 ஜூனில் அந்த மனுக்கள் தள்ளுபடியாயின. காரணம் எளிமையானது: 142ஆவது பிரிவு உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உரியது, உயர் நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. அதனால்தான் மற்ற அறுவரும் நவம்பர் வரை, நீதிபதிகள் கவாயும் நாகரத்னாவும் ஆணையிடும் வரை, காத்திருக்க நேர்ந்தது.

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். கொலை நடந்ததிலும் அதன் கொடுமையிலும் எனக்கு எந்த ஐயமும் இல்லை. அந்தப் 19 வயது இளைஞனுக்கு என்ன தெரிந்திருந்தது என்பதில்தான் எனக்கு ஐயம். அதை அவிழ்ப்பதற்கு உரிய இடத்தில் அந்த ஒரு வரி இல்லாமல் போனது.

அம்மா, கட்டுரையில் ஒரு திருத்தம் வேண்டியிருக்கலாம். விடுதலை என்ற சொல்லைக் கவனமாக ஆளுங்கள். நவம்பர் ஆணைக்குப் பின் வெளியே வந்தவர்களில் இலங்கையைச் சேர்ந்த நால்வர் வீட்டுக்குப் போகவில்லை, திருச்சிச் சிறப்பு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். சாந்தன் தாயகம் திரும்புவதற்காகக் காத்திருந்தபடியே 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். மற்ற மூவரும் அந்த ஏப்ரலில்தான் இலங்கைக்குப் போனார்கள்.